மண்சரிவிலும் வெள்ளத்திலும் மேப் எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்: கூடலூரிலிருந்து ஒரு பதில்

பந்தலூர் பக்கம் ஊர்க்குழுவில் முதல்நிலை மீட்பாளராகப் பெயர் கொடுத்திருக்கும் ஒரு தம்பி கேட்டது இது: "ஜி.ஐ.எஸ். கற்றுக்கொண்டால் மண்சரிவு நேரத்தில் உண்மையிலேயே பயன்படுமா, இல்லை ஆபீஸ் சுவரில் கலர் கலராகத் தொங்குவதோடு சரியா? எங்கள் ஊர் எல்லையில் இருக்கிறது. பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் மலையாளம். எங்கிருந்து தொடங்குவது?"

தம்பி, பயன்படும். இடத்தையும் அந்த இடத்தைப் பற்றிய விவரத்தையும் கணினியில் ஒன்றாகச் சேர்த்து மேப்பாக்குவதுதான் ஜி.ஐ.எஸ். ஆனால் மழை கொட்டும்போது லேப்டாப்பைத் திறந்து வரையத் தொடங்கும் மேப் பெரும்பாலும் ஒன்றுக்கும் ஆகாது. சித்திரை வெயிலில் நடந்து வரைந்ததுதான் ஆடியில் உதவும். நான் கூடலூர்க்காரன். சர்வே வேலையில் தொடங்கி மேப் வரைவதையே பிழைப்பாக்கிக்கொண்டவன். 2018 வெள்ளத்தில் கேரளத்துக்காக இரவெல்லாம் உட்கார்ந்து மேப்பில் புள்ளி வைத்தவர்களில் நானும் ஒருவன். அதில் செய்த தப்புகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு மேலே ராஜமலைப் பக்கம், எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களின் மீது மலை இறங்கியது. 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் நம் ஆட்கள். தலைமுறைகளுக்கு முன்னால் கயத்தாறு பக்கத்திலிருந்து தேயிலைக்குப் போன குடும்பங்கள். கரண்ட் இல்லை, டவர் இல்லை, பெரியவாரையில் பாலமும் போயிருந்தது. நடந்தது வெளியே தெரியவே மறுநாள் காலை ஆயிற்று. அந்த இரவை எந்தச் செயற்கைக்கோளும் மீட்டுத் தந்திருக்காது. மேப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அதற்கு அப்புறம் வந்தது. எந்த லயத்தில் எத்தனை வீடு? அன்று இரவு எந்த வீட்டில் யார் யார் படுத்திருந்தார்கள்? லயம் நின்ற இடம் இப்போது எந்தச் சேற்றுக்கு அடியில் இருக்கிறது? எஸ்டேட்டின் ஆள் பதிவேடான செக்ரோலில் வேலை செய்பவர் பெயர் இருக்கும். அது ஊரடங்கு காலம். வெளியூரில் படித்த பிள்ளைகள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்கள் பெயர் செக்ரோலில் எப்படி இருக்கும்? நாலு பேருடைய உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

இதே கேள்வி 2024 ஜூலை 30 விடியுமுன் மலை இறங்கிய வயநாட்டு முண்டக்கையிலும் சூரல்மலையிலும் இன்னும் பெரிதாக எழுந்தது. சேரம்பாடியிலிருந்து நேர்கோட்டில் பார்த்தால் இருபது கிலோமீட்டர் சுற்று வரும் இடம். நம் பக்கத்திலிருந்து வேலைக்குப் போயிருந்தவர்களும் இறந்தார்கள். 250 பேருக்கு மேல் போன அந்தச் சம்பவத்தில், தேடும் பகுதியை ஆறு மண்டலமாகப் பிரித்தார்கள்: அட்டமலை, முண்டக்கை, புஞ்சிரிமட்டம், வெள்ளார்மலைக் கிராமச் சாலை, பள்ளிக்கூடப் பகுதி, ஆற்றின் கீழ்ப்பகுதி. ஜி.ஐ.எஸ். என்றதும் எல்லோருக்கும் முப்பரிமாணப் படம்தான் ஞாபகம் வருகிறது. என்னைக் கேட்டால் அந்த ஆறு மண்டலக் கோடுகள்தான் அங்கே செய்யப்பட்ட உருப்படியான மேப் வேலை. ராணுவம், தேசியப் பேரிடர் மீட்புப் படையான என்.டி.ஆர்.எஃப்., தீயணைப்புத் துறை, ஊர் இளைஞர்கள் என்று பல சீருடை ஒரே சேற்றில் நிற்கும்போது, யார் எதைத் தேடி முடித்தார்கள் என்பது ஒரே தாளில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஒரே இடத்தை மூன்று குழு கிண்டும், பக்கத்து மேட்டில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

காணாமல் போனவர்களின் பட்டியலை அங்கே ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் என்று பல பதிவுகளைச் சேர்த்துத்தான் கட்டினார்கள். 138 பெயரோடு முதல் வரைவு வர நாட்கள் பிடித்தன. ரேஷன் கார்டில் முகவரி இருக்கும். முகவரிக்கு மேப்பில் புள்ளி இருக்காது. அந்த இரண்டையும் முன்கூட்டியே இணைத்து வைப்பதுதான் உங்களைப் போன்றவர்களால் முடிகிற, வேறு யாரும் செய்யாத வேலை.

இணைக்க உட்கார்ந்தால் முதலில் இடிப்பது பெயர். நம் பக்கத்தில் ஒரு இடத்துக்குக் குறைந்தது மூன்று பெயர். எஸ்டேட் வைத்த டிவிஷன் பெயர் ஒன்று, தமிழ்க்காரர்கள் சொல்வது ஒன்று, மலையாளிகள் சொல்வது ஒன்று. பணியர் பழங்குடியினரின் குடியிருப்பாக இருந்தால் நாலாவதும் உண்டு. மூணாறில் லயம் என்பதை வயநாட்டிலும் நம் பக்கத்திலும் பாடி என்கிறோம். அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயின் குடியிருப்புகளை ரேஞ்ச் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். பத்து நம்பர் லைன், பழைய ஆஸ்பத்திரி பாடி, கோயில் மட்டம் என்று போனில் ஒருவர் பதறிக்கொண்டு சொல்லும்போது, எதிர்முனையில் ஊட்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு அதில் ஒன்றுகூட மேப்பில் இருக்காது. சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 தாளில் எஸ்டேட் பெயர் இருக்கும், பாடியின் பெயர் இருக்காது. அதனால் ஒரு புள்ளிக்கு எத்தனை பெயர் வழங்குகிறதோ அத்தனையையும் அந்தப் புள்ளியோடு சேர்த்து எழுதுங்கள். எது சரியான பெயர் என்று பஞ்சாயத்து பண்ண வேண்டாம். பயந்துபோன மனுஷன் வாயில் எது வருமோ அது சரியான பெயர்.

அடுத்தது இடத்தைச் சொல்லும் எண். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் தண்ணீர் ஏறியபோது, கேரள அரசின் ஐ.டி. மிஷனும் தன்னார்வலர்களும் சேர்ந்து கேரளா ரெஸ்க்யூ என்ற தளத்தை அவசரமாகக் கட்டினார்கள். லட்சக்கணக்கானவர்கள் சிக்கியிருந்த நேரம். மொட்டை மாடியில் நிற்பவர்கள் லொகேஷன் அனுப்ப அனுப்ப, கேட்டவர் பெயர், ஆள் எண்ணிக்கை, இடம் எல்லாம் அதில் சேர்ந்தன. போனில் நெட் இல்லாதவர்கள் கூகுள் மேப்பில் ஒவ்வொரு இடத்துக்கும் இருக்கும் சின்னக் குறியீடான பிளஸ் கோடைப் பார்த்து எஸ்.எம்.எஸ்.ஸிலோ வாயாலோ சொல்லலாம் என்று கூகுளும் அப்போது அறிவித்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் துபாயிலிருக்கும் மகன் ஒரு பதிவு போடுவார், பெங்களூரிலிருக்கும் மருமகள் ஒன்று போடுவார், வாட்ஸ்அப்பில் பார்த்த யாரோ ஒருவர் மூன்றாவதாகப் போடுவார். வீடு ஒன்று, புள்ளி மூன்று. மீட்டுக் கொண்டுபோன பிறகும் அந்தப் புள்ளிகள் சிவப்பாகவே நிற்கும். திரும்பப் போன் போட்டுச் சரிபார்த்துப் பதிவை மூடுவதற்கென்றே ஒரு கூட்டம் தேவைப்பட்டது. மேப் வரைந்தவர்களைவிட அந்தப் போன் கூட்டத்துக்குத்தான் நான் முதல் கும்பிடு போடுவேன்.

என் தப்பு வேறு மாதிரி. அட்சரேகையை 11 பாகை 30 கலை என்று ஒருவர் படித்துச் சொன்னார். நான் 11.30 என்று அடித்துவிட்டேன். பாகைக்கு 60 கலை. 30 கலை என்றால் 11.50 என்று வர வேண்டும். வித்தியாசம் 0.20 பாகை, அதாவது 22 கிலோமீட்டர். கூடலூர் டவுனில் வைக்க வேண்டிய புள்ளியை இப்படி அடித்தால் அது முக்குருத்தி சிகரத்துக்கும் தெற்கே காட்டுக்குள் போய் உட்காரும். என் நல்ல நேரம், பக்கத்தில் இருந்தவர் "அங்கே எவன் வீடு கட்டினான்?" என்று கேட்டதால் பிழைத்தோம். அன்றிலிருந்து குழுவில் ஒரே விதி: தசம பாகை மட்டும், புள்ளிக்குப் பின் நாலு இலக்கம். நாலாம் இலக்கம் சுமார் 11 மீட்டர், ஒரு வீட்டைக் கண்டுபிடிக்கப் போதும். இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். மழைக் காட்டில் ஒரு கிலோமீட்டர் என்பது அரை நாள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. போனில் இருக்கும் ஜி.பி.எஸ். டவர் இல்லாமலும் வேலை செய்யும். வேலை செய்யாமல் போவது மேப் படம்தான், அது நெட்டிலிருந்து இறங்க வேண்டும். ஓஸ்ம்ஆண்ட், ஆர்கானிக் மேப்ஸ் மாதிரி செயலியில் உங்கள் பகுதியை முன்பே இறக்கி வைத்துவிட்டால் ஏர்பிளேன் மோடிலும் ஓடும். ஆனால் பள்ளத்தாக்கின் அடியிலோ சோலைக்குள்ளேயோ நின்றால் புள்ளி அங்கும் இங்கும் துள்ளும். இரண்டு நிமிடம் அசையாமல் நின்று பிறகு எண்ணைப் பாருங்கள்.

செயற்கைக்கோள் பற்றி நிறைய பேர் ஆசையாகக் கேட்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். சாதாரணப் படம் எடுக்கும் செயற்கைக்கோளுக்கு மேகம் ஒரு திரை. நமக்குப் பேரிடர் வரும் நாளில் மேகம் இல்லாமல் எப்படி? அதனால் முதல் நாட்களில் ரேடார் படம்தான் கதி. ரேடார் தானே அலையை அனுப்பித் திரும்பி வருவதைப் பதிவு செய்வதால் மேகமும் இருட்டும் அதைத் தடுக்காது. அமைதியான தண்ணீர் அலையை வேறு பக்கம் சிதறடித்துவிடும், அதனால் வெள்ளம் படத்தில் கறுப்பாகத் தெரியும். குட்டநாடு போன்ற சமவெளிக்கு இது பிரமாதம். நம் மலையில் அப்படி இல்லை. செங்குத்துச் சரிவில் மலையின் ஒரு பக்கம் மடிந்து விழுந்த மாதிரியும் மறுபக்கம் நிழலாகவும் வரும். கறுப்பைப் பார்த்துத் தண்ணீர் என்று முடிவு கட்டினால் ஏமாறுவீர்கள். ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் படம் இலவசம்தான். ஆனால் நம் தலைக்கு மேல் அது வரும் நாளை நம் மழை தீர்மானிப்பதில்லை. ஒரு செயற்கைக்கோள் மட்டும் இருந்தால் ஒரே இடத்துக்கு 12 நாளுக்கு ஒருமுறைதான் வரும்.

சூரல்மலை விஷயத்தில் ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய தொலையுணர்வு மையம் மறுநாளே, 2024 ஜூலை 31 அன்றே, ரிசாட் ரேடார் படத்தை எடுத்தது. அதற்கு முந்தைய வருடம் மே மாதத்துக் கார்ட்டோசாட்-3 படத்தோடு வைத்துப் பார்த்தது. பெயர்ந்த பரப்பு சுமார் 86,000 சதுர மீட்டர், நம் கணக்கில் 21 ஏக்கர். தொடங்கிய இடம் கடல் மட்டத்திலிருந்து 1,550 மீட்டர் உயரம். சகதி ஓடிய தூரம் சுமார் 8 கிலோமீட்டர். அதே இடத்தில் பழைய சரிவு ஒன்று இருந்ததையும் அந்த மையம் குறிப்பிட்டது. இப்படிப்பட்ட படம் தேடுபவர்களுக்கு அடுத்த வாரத் திட்டத்துக்கு உதவும், பிறகு ஏன் நடந்தது என்று புரிந்துகொள்ள உதவும். மண்ணுக்குள் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவருக்கு அது வந்து சேராது. அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

மேலே சொன்ன இரண்டு எண்ணை, 21 ஏக்கர், 8 கிலோமீட்டர், கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது. மலையாளத்தில் மண்ணிடிச்சில் வேறு, உருள்பொட்டல் வேறு. சாலையோரம் மண் சரிந்து விழுவது முதல் வகை. மலையின் உச்சியில் தண்ணீர் ஊறி ஊறி, ஓடைத் தலைப்பு வெடித்து, பாறையும் மரமும் சகதியும் ஒன்றாக ஆற்றுப் பாதையில் ஓடி வருவது உருள்பொட்டல். நம் தமிழ்ச் செய்தியில் இரண்டுமே நிலச்சரிவு. எல்லை ஊரில் இருப்பதன் ஒரு லாபம், நமக்கு இரண்டு சொல்லும் காதில் விழுகிறது. மேப்பிலும் இரண்டையும் பிரித்து எழுதுங்கள். ஏனென்றால் அபாயம் இருக்கும் இடமே மாறிவிடுகிறது.

இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம் 1:50,000 அளவில் நிலச்சரிவு வாய்ப்பு மேப் போட்டு வைத்திருக்கிறது. அதிகம், நடுத்தரம், குறைவு என்று நிறம் கொடுத்திருப்பார்கள். சரிவின் கோணம், மண்ணின் ஆழம், பாறை, நிலப் பயன்பாடு எல்லாம் சேர்த்துப் போட்ட கணக்கு அது. சரிவு எங்கே தொடங்கலாம் என்பதை அது சொல்லும். தொடங்கியது எங்கே போய் நிற்கும் என்பதைச் சொல்லாது. சூரல்மலைக் கடைத்தெரு மலை உச்சியில் இல்லை. வெடித்த இடத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் கீழே, ஆற்றோரத்தில், பார்வைக்குத் தட்டையான இடத்தில் இருந்தது. சரிவுக் கோணம் மட்டும் பார்க்கும் மேப்பில் அது அமைதியான நிறத்தில்தான் வரும். ஆகவே உங்கள் ஊர் மேப்பில் சிவப்புச் சரிவைக் குறித்ததோடு நிறுத்தாதீர்கள். அந்தச் சரிவின் தண்ணீர் எந்த ஓடையில் இறங்குகிறது, அந்த ஓடை எந்தப் பாலத்தின் அடியில் போகிறது, எந்த வளைவில் பாடி இருக்கிறது என்று விரலை வைத்துக் கீழே இழுத்துக்கொண்டே போங்கள். பாலம் முக்கியம். மரமும் பாறையும் பாலத்தில் அடைத்தால் அங்கே ஒரு தற்காலிக அணை உண்டாகி, உடையும்போது இன்னும் வேகமாக வரும்.

நிலத்தின் உயரக் கணக்கை இலவசமாக எடுக்க, 2000-ஆம் ஆண்டு விண்கலத்திலிருந்து அளந்த 30 மீட்டர் தரவு இருக்கிறது. இஸ்ரோவின் புவன் தளத்திலும் கார்ட்டோசாட் தரவு கிடைக்கும். இரண்டையும் நான் பயன்படுத்துகிறேன். ஆனால் 30 மீட்டர் கட்டத்தில் ஒரு பாடி முழுசும் அடங்கிவிடும். தவிர, காடு அடர்ந்த இடத்தில் மரத்தின் உச்சியைத்தான் நிலம் என்று எடுத்துக்கொள்ளும். சின்ன ஓடைகள் அதில் காணாமல் போகும். இதை நம்பி, இந்த வீடு ஆபத்து, அந்த வீடு பரவாயில்லை என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். பெரியவர்களைக் கேளுங்கள். எந்த வருஷ மழையில் எங்கே புதிய ஊற்று கிளம்பியது, எந்தக் கிணறு கலங்கியது, எந்த மரம் சாய்ந்து வளர்ந்திருக்கிறது என்று அவர்கள் சொல்வதற்கும் மேப்பில் ஒரு அடுக்கு (லேயர்) வையுங்கள். 2009 நவம்பரில் நீலகிரியில் சில நாட்களுக்குள் ஆயிரத்துக்கும் மேலான சரிவுகள் நடந்தன. அவற்றில் பல, ஊர்க்காரர்களின் ஞாபகத்தில் மட்டும்தான் இன்றைக்கும் இருக்கின்றன.

சரி, எல்லைக்கு வருவோம். 2019 ஆகஸ்ட் 8. ஒரே நாள். நீலகிரி அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் மழை. வயநாடு புத்துமலையில் மலை இறங்கி 17 பேர். நிலம்பூருக்கு மேலே கவளப்பாறையில் 59 பேர். மூன்றும் 60 கிலோமீட்டருக்குள் அடங்கும், ஒரே மலையின் முதுகு. ஆனால் இது மூன்று மாவட்டம், இரண்டு மாநிலம், மூன்று கட்டுப்பாட்டு அறை. நீலகிரி மேப்பைத் திறந்தால் சோலாடிக்கு அப்பால் வெள்ளைத் தாள். வயநாட்டு மேப்பைத் திறந்தால் நாம் வெள்ளைத் தாள். மழைக்கு சோலாடி செக்போஸ்ட்டும் தெரியாது, தாளூர் செக்போஸ்ட்டும் தெரியாது. நம் பாண்டியாறு புன்னம்புழையாகி சாலியாற்றில்தான் சேர்கிறது. முண்டக்கையில் அடித்துச் செல்லப்பட்ட உடல்களை மலப்புரம் மாவட்டத்துப் போத்துக்கல்லில் அதே சாலியாற்றில்தான் எடுத்தார்கள். ஆக, மேப்பை ஆற்றின் படுகையாக வெட்டுங்கள், தாலுகாவாக வெட்டாதீர்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் பத்து கிலோமீட்டராவது சேர்த்து வையுங்கள். அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி, ஜே.சி.பி. வைத்திருப்பவர், பாலம், பெட்ரோல் பங்க் எல்லாம் அதில் இருக்கட்டும். கூடலூர் ஊட்டி சாலை அடைத்தால் நோயாளியைச் சுல்தான் பத்தேரிக்கோ மேப்பாடிக்கோதானே கொண்டுபோகிறோம்? நம் வாழ்க்கை எல்லை தாண்டித்தான் இருக்கிறது. அரசாங்கத் தாள்தான் இன்னும் தாண்டவில்லை.

சாலை அடுக்கைப் பற்றி ஒரு வார்த்தை. மேப்பில் சாலை இருக்கிறது என்பது போதாது. எவ்வளவு அகலம், பாலம் எத்தனை டன் தாங்கும், மழையில் எங்கே முதலில் அடைக்கும் என்பது வேண்டும். சூரல்மலைப் பாலம் போனதும் ஜே.சி.பி.யை அந்தப் பக்கம் கொண்டுபோக வழியில்லை. ராணுவத்தின் மெட்ராஸ் பொறியாளர் படை 190 அடி நீளத்துக்கு, 24 டன் தாங்கும், இரும்புத் துண்டுகளைப் பூட்டிக் கட்டும் பெய்லி பாலத்தை 31 மணி நேரத்தில் கட்டிய பிறகுதான் கனரக வண்டிகள் முண்டக்கைக்குள் போயின. உங்கள் ஊரில் அப்படிப்பட்ட ஒற்றைப் பாலம் எது? அதை மேப்பில் தனி நிறத்தில் போடுங்கள்.

மழைமானி விஷயத்தில் கல்பற்றாவில் இருக்கும் ஹ்யூம் மையத்தைப் பாருங்கள். வயநாடு முழுக்கச் சுமார் 200 இடத்தில் மழை அளக்கும் வலை ஒன்றை ஊர்க்காரர்களை வைத்தே நடத்துகிறார்கள். மலையில் ஒரு முகட்டுக்கு அந்தப் பக்கம் மழை, இந்தப் பக்கம் வெயில் என்பது உங்களுக்கும் தெரியும். தாலுகாவுக்கு ஒரு மானி என்ற கணக்கு நமக்கு ஒத்துவராது. எஸ்டேட்களில் பெரும்பாலும் மானி உண்டு, குறிப்பேடும் உண்டு. அந்த எண்ணைத் தினமும் காலையில் குழுவில் போடச் சொல்லி ஒரு ஆளைப் பிடியுங்கள். செலவே இல்லை. நிலவியல் ஆய்வு நிறுவனம் நீலகிரிக்கு நிலச்சரிவு முன்னறிவிப்பு அறிக்கையும் தருகிறது. அதையும் உங்கள் மானியின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு மழைக்காலத்தில் உங்களுக்கே ஒரு கை வந்துவிடும்.

எல்லோரும் மீட்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள். மேப் நிஜமாகவே ஒருவரின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது கேமராக்கள் கிளம்பிப் போன பிறகு. சூரல்மலையில் ஓய்வுபெற்ற நில அறிவியலாளர் ஜான் மத்தாய் தலைமையிலான குழு, எது குடியிருக்கக்கூடிய பகுதி, எது கூடாத பகுதி என்று பிரித்துக் கொடுத்தது. அந்தக் கோட்டை நிலத்தில் கல் நட்டு அடையாளப்படுத்தப் போனபோது எதிர்ப்பு கிளம்பியது. ஏன் கிளம்பாது? கோட்டுக்கு உள்ளே இருப்பவர் பட்டியலில் வருவார், கல்பற்றாவில் எல்ஸ்டன் எஸ்டேட் நிலத்துப் புதிய குடியிருப்பில் இடம் கிடைக்கும். கோட்டுக்கு வெளியே பத்தடி தள்ளி இருப்பவர் வீடு நிற்கும், ஆனால் முன்னால் தெரு இல்லை, அக்கம்பக்கம் இல்லை, ராத்திரி மழை என்றால் தூக்கம் இல்லை. மேலேயிருந்து எடுத்த படத்தில் அவர் வீட்டுக்குக் கூரை இருக்கிறது, எனவே சேதமில்லை. சேதக் கணக்கை வானத்திலிருந்து மட்டும் எடுத்தால் இப்படித்தான் வரும். கூரை இருக்கிறதா என்று கேட்காமல், அந்த வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் குடிதண்ணீருக்கும் வழி இருக்கிறதா என்று கேட்டால் பட்டியல் வேறாக இருக்கும். அந்தக் கேள்விக்கும் ஜி.ஐ.எஸ்.ஸில் பதில் எடுக்கலாம். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கோட்டின் தடிமன் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். என் தொழிலிலேயே அடிக்கடி நடக்கும் அநியாயம் இது. 1:50,000 மேப்பில் ஒரு மில்லிமீட்டர் என்றால் நிலத்தில் 50 மீட்டர். ஓடையை அரை மில்லிமீட்டர் கோடாக வரைந்தால் அந்தக் கோடே 25 மீட்டர் தடிமன். அந்த ஓடையைக் கணினியில் ஏற்றி, இரண்டு பக்கமும் 50 மீட்டர் என்று ஒரே பட்டனில் பட்டை போட்டால், யார் வீடு உள்ளே, யார் வீடு வெளியே என்பதை ஓடை தீர்மானிக்கவில்லை, பழைய பேனா தீர்மானிக்கிறது. போதாததற்கு, சகதி இரண்டு பக்கமும் ஒரே அளவாகவா போகும்? வளைவின் வெளிப்பக்கம் ஏறி அடிக்கும், உள்பக்கம் மணல் தள்ளிவிட்டுப் போகும். அப்படிப்பட்ட கோட்டை ட்ரோன் எடுத்த புது உயரக் கணக்கின் மேல் வரைய வேண்டும், பிறகு கையில் தாளோடு முழு நீளமும் நடக்க வேண்டும், ஊர்க்காரர்களையும் கூட்டிக்கொண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் எந்தப் பகுதியைக் காக்க வேண்டும் என்று சொன்ன அறிக்கைகளிலும் இதே கதைதான். 2011 மாதவ் காட்கில் குழு சுமார் 9 கிலோமீட்டருக்கு 9 கிலோமீட்டர் கட்டத்தை அலகாக வைத்தது. 2013 கஸ்தூரிரங்கன் குழு கிராமத்தை அலகாக வைத்தது. மலை மாறவில்லை, அலகு மாறியதும் மேப் மாறிப்போனது. எந்த மேப்பைக் காட்டினாலும் முதலில் அதன் அலகு என்ன என்று கேட்கப் பழகுங்கள்.

அப்புறம் நம் ஊரின் பழைய புண், பட்டா. கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் 1969-இல் வந்தது. இன்னும் நிலத்தின் கதை முடியவில்லை. தலைமுறையாகக் குடியிருப்பவர்களுக்குப் பட்டா இல்லை. பாடியில் இருப்பவர்களுக்கு வீடு கம்பெனியுடையது, டேன்டீ என்றால் அரசாங்கத்துடையது. சர்வே எண் மேப்பில் அவர்கள் இருக்கும் இடத்தில் எஸ்டேட் பெயரோ அரசு நிலம் என்றோதான் இருக்கும். நாளைக்கு ஏதாவது நடந்து, நிவாரணப் பட்டியலைச் சர்வே எண் மேப்பிலிருந்து எடுத்தால் அவர்கள் யாரும் அதில் வரமாட்டார்கள். அதனால் உரிமையாளர் என்று ஒரு அடுக்கும் குடியிருப்பவர் என்று தனியாக ஒரு அடுக்கும் வையுங்கள். இரண்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். தேதி போட்ட, ஊராட்சியில் ஒரு நகல் கொடுத்துக் கையெழுத்து வாங்கிய குடியிருப்போர் மேப், பிறகு அலுவலகத்தில் நின்று பேசும்போது கையில் இருக்கும் ஒரே ஆதாரமாகக்கூட இருக்கலாம்.

ஆனால் அந்த மேப்பைப் பொதுவில் போட்டுவிடாதீர்கள். படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டி எந்த வீட்டில், தனியாக இருக்கும் பெண் எந்த வீட்டில் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஓடை, பாலம், சாலை, முகாம், இடப்பெயர் இவற்றை, யாரும் வரைந்து சேர்க்கக்கூடிய பொது மேப்பான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தாராளமாக ஏற்றுங்கள். 2010 ஹைட்டி நிலநடுக்கத்தில் உலகெங்கும் உட்கார்ந்திருந்த தன்னார்வலர்கள் அதில்தான் அந்த ஊரின் தெருக்களை வரைந்து கொடுத்தார்கள். உங்கள் ஊர் ஓடையும் அதில் இருந்தால் நாளை உதவிக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் கையோடு எடுத்துக்கொண்டு வருவார். ஆட்களைப் பற்றியது மட்டும் குழுவில் இரண்டு பேரிடமும் வி.ஏ.ஓ.விடமும் இருந்தால் போதும்.

கற்றுக்கொள்வது பற்றிக் கேட்டீர்கள். கியூஜிஐஎஸ் என்ற ஜி.ஐ.எஸ். மென்பொருள் இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். ஒரு மாதம் மாலையில் உட்கார்ந்தால் புள்ளி போட, அடுக்கு சேர்க்க, அச்செடுக்க வந்துவிடும். சரிவுக் கணக்கு, நீரோட்டக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகு. கோர்ஸுக்கு ஐம்பதாயிரம் கட்டச் சொல்லி யாராவது வந்தால் ஓடிவிடுங்கள். முதல் வேலைக்கு மென்பொருளே வேண்டாம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேர், ஒரு போன், ஒரு நோட்டு. ஒவ்வொரு பாடியாகப் போங்கள். வீட்டுப் புள்ளி, எல்லாப் பெயரும், இரவில் படுப்பவர் எண்ணிக்கை, நடக்க முடியாதவர் உண்டா, மழையில் எந்தப் பக்கம் ஓடுவார்கள். கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது வீட்டில் ஒருத்தர் ஒரு திசையும் இன்னொருத்தர் வேறு திசையும் காட்டுவார்கள். அங்கேயே நின்று பேசித் தீர்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள்.

முடிந்ததும் ஏ3 தாளில் அச்செடுத்து ஊராட்சி ஆபீஸ், ரேஷன் கடை, பள்ளிக்கூடம் மூன்றிலும் ஒட்டுங்கள், ஆள் விவரம் இல்லாத பிரதியை. இரண்டு பக்கமும் லேமினேட் பண்ணிவிடுங்கள். நாங்கள் முதல் தடவை இன்க்ஜெட்டில் அச்செடுத்து அப்படியே ஒட்டினோம். ஜூன் இரண்டாவது வாரத்தில் போய்ப் பார்த்தால் ஓடையெல்லாம் ஊர் முழுக்க நீலமாகப் பரவியிருந்தது.